ஆலோலப் பாட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரன். விழாக் கமிட்டியில் இருக்கிறேன். அதனால் பெயரும் ஊரும் போடவேண்டாம்.

இந்த வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்திருந்தோம். நீங்கள் பாயோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்து விடியும்வரை பார்த்தீர்கள். அடுத்த வாரமே அதைப் பற்றி எழுதினீர்கள். நாரதரும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடும் நாரதர் தர்க்கத்தில் சினிமாப் பாட்டு அதிகம் என்று எழுதியது உங்கள் அபிப்பிராயம், போகட்டும். ஆனால் ஸ்திரீபார்ட், அதாவது வள்ளி வேஷம் போட்ட அம்மா, தினைப்புனத்தில் குருவி விரட்டும் ஆலோலப் பாட்டை இரண்டே அடியில் முடித்துவிட்டார், ‘பாட மனமில்லாமல் கடத்திவிட்டார்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அன்றைக்குச் சாமி ஊர்வலம் வந்து சேரத் தாமதமாகி, நாடகம் பதினொன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. பபூன், டான்ஸ் முடியவே மணி ஒன்றரை. விடியுமுன் கல்யாணம் முடியவேண்டும் என்று நாங்கள்தான் மேடைக்குச் சீட்டு அனுப்பினோம். ‘வள்ளி பாட்டைக் குறைத்து நாரதரை உடனே விடவும்’ என்று என் கையால்தான் எழுதினேன். அந்தம்மா முந்தின ராத்திரி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நாடகம் முடித்து, பகல் பஸ்ஸில் வந்து சேர்ந்தவர். ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் நாங்கள் சொன்னபடி செய்தார்.

உங்கள் கட்டுரையை யாரோ போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். முருகனாக வரும் ராஜபார்ட்டின் ரசிகர்கள் ஒரு பக்கம், நாரதர் ரசிகர்கள் ஒரு பக்கம் என்று ஊர் ஏற்கெனவே பிரிந்து கிடந்தது. இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தம்மாவைப் பேசுகிறார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேசினால் பரவாயில்லை, அவர் உடம்பு, வயசு, குடும்பம் என்று வாய்க்கு வந்தபடி. அடுத்த வருஷம் அவருக்குத் தேதி கொடுக்கக் கூடாது என்கிறார்கள். சீசனில் கிடைக்கிற தேதியை வைத்துத்தான் அவர் வருஷம் முழுக்கச் சாப்பிடவேண்டும்.

லண்டனில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு விஷயம் சொன்னார். அங்கே ‘லே மிஸராப்ள்’ என்று ஒரு பாட்டு நாடகம். முதல் ராத்திரி முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கிழித்துத் தோரணம் கட்டினார்களாம். ஜனங்கள் அதைக் காதிலேயே வாங்காமல் டிக்கெட் எடுத்தார்களாம். இன்றைக்கும் ஓடுகிறதாம். ஆகவே கேட்கிறேன். கூட்டம் எழுந்து போகாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறதே, அதைவிட என்ன தீர்ப்பு வேண்டும்? நடிகருக்கும் ரசிகருக்கும் நடுவில் விமர்சகர் என்று ஒருவர் எதற்கு?

இப்படிக் கேட்டதில் தப்பிருந்தால் மன்னியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி

*

அன்புள்ள தம்பி,

தப்பு என்மேல்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ராத்திரியை ஒருமுறை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். வள்ளி வந்தார். ஒரு பெஞ்சைத்தான் பரண் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஏறி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கவண் சுற்றுவதுபோல் வலது கையைச் சுழற்றி முதல் அடியை எடுத்தார். இரண்டாம் அடி பாதியில் இருக்கும்போது ஒரு பையன் குனிந்தபடி மேடையோரமாக வந்து ஆர்மோனியப் பெட்டிமேல் ஒரு சீட்டை வைத்தான். ராத்திரி முழுக்க அப்படிச் சீட்டு வந்துகொண்டேதான் இருந்தது. இன்ன படகுக்காரர் குடும்பத்தார் அன்பளிப்பு நூறு ரூபாய் என்று பபூன் மைக்கில் வாசிப்பார், ஆல்ரவுண்ட் என்ற தாள வாத்தியத்தில் ஒரு தட்டு விழும். இதுவும் அப்படி ஒரு சீட்டு என்றுதான் நினைத்தேன். ஆர்மோனியக்காரர் துருத்தியிலிருந்து இடது கையை எடுக்காமலேயே அதைப் படித்தார். வள்ளியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வள்ளி ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு ‘ஆலோலம்’ என்ற ஒரே சொல்லை இழுத்து இறக்கி, பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டார்.

இத்தனையும் நான் கண்ணால் பார்த்தது. எழுத உட்கார்ந்தபோது இதில் எதையும் எழுதாமல், நான் பார்க்காத ஒன்றை எழுதினேன். மனசு என்பது அவருக்குள் இருப்பது. ‘பாட மனமில்லாமல்’ என்று எழுத எனக்கு என்ன உரிமை? பாட்டு இரண்டடியில் நின்றது என்று எழுதியிருந்தால் அது விமர்சனம். ஏன் நின்றது என்று ஆர்மோனியக்காரரிடமோ உங்களிடமோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் நல்ல விமர்சனம். நான் எழுதியது ஒரு தொழிலாளிமேல் போட்ட பழி. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன், ஏன் எடுத்தேன் என்பதையும் அதே இடத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை யார் யாருக்கு அனுப்பினார்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் விமர்சகர் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு நான் இறங்கிப்போக மாட்டேன்.

மச்சான் சொன்னது உண்மைதான். 1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிக்கன் அரங்கில் அந்த நாடகம் திறந்தது. மறுநாள் பத்திரிகைகளில் பெரும்பாலும் ஏச்சுதான், டிக்கெட் கவுண்டரில் கூட்டம் நெருக்கியது. விக்தோர் யூகோவின் அந்தக் கதை நமக்கும் அந்நியமில்லை. சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியார்தான் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் கொண்டுவந்தார், 1950-இல் அது சினிமாவாகவும் வந்தது. லண்டனில் அன்று எழுதியவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் தப்பு என்று இன்றைக்கு நாற்பது வருஷம் கழித்து உங்கள் மச்சானால் சொல்ல முடிகிறதே, எப்படி? பெயர் போட்டு, தேதி போட்டு, அச்சில் எழுதினார்கள். அதனால்தான் அவர்களைப் பிடிக்க முடிகிறது. என்னையும் நீங்கள் அப்படித்தான் பிடித்தீர்கள். டீக்கடையில் அந்தம்மாவைப் பேசினவர்களை யார் பிடிப்பது?

மறுபக்கமும் ஒன்று உண்டு. நியூயார்க்கில், பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், ‘மெரிலி வி ரோல் அலாங்’ என்ற இசை நாடகம் 1981-இல் திறந்து 16 காட்சிகளோடு மூடப்பட்டது. விமர்சனங்கள் அவ்வளவு கடுமை. அங்கே ஒரு பத்திரிகையின் விமர்சகருக்கு ‘பிராட்வேயின் கசாப்புக்காரர்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. எழுத்துக்கு அவ்வளவு வெட்டு. அந்த நாடகத்தை எழுதியவர்கள் கையை விரித்துவிட்டுப் போகவில்லை. பாட்டை மாற்றினார்கள், காட்சியை மாற்றினார்கள், சின்னச் சின்ன அரங்குகளில் போட்டுப் பார்த்தார்கள். 2023-இல் அதே பிராட்வேக்குத் திரும்பி வந்து, 2024-இல் மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதையும் வாங்கியது. விமர்சகர் கொன்றார் என்றும் சொல்லலாம், விமர்சகர் சொன்ன குறையில் கொஞ்சமாவது உண்மை இருந்தது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டுமே சரி என்றுதான் படுகிறது.

நம்முடைய நாடகத்தை இந்தத் தராசில் வைக்க முடியாது என்பதுதான் உங்கள் கடிதம் எனக்கு உறைக்கவைத்த விஷயம். லண்டனில் அதே நடிகர், அதே பாட்டு, அதே வெளிச்சம், வாரத்துக்கு எட்டுக் காட்சி. விமர்சகர் இன்றைக்குத் திட்டினால் நாளைக்கு நன்றாகச் செய்து காட்டலாம். ஸ்பெஷல் நாடகத்துக்கு நாளை என்பதே கிடையாது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, ஒரு குழு, ஒரு வாத்தியார், ஒத்திகை என்று எல்லாம் கட்டுக்கோப்பாக இருந்தது. ஸ்பெஷல் நாடகம் அப்படியில்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகத் தேதி வாங்கி, நோட்டீஸில் படம் போட்டு, மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாட்டும் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் எந்த வள்ளியும் எந்த நாரதரோடும் நின்று பாட முடிகிறது. விடிந்ததும் ஆளுக்கொரு பஸ். உங்கள் ஊரில் அன்றைக்கு நடந்த வள்ளி திருமணம் இனி ஒருநாளும் நடக்காது.

அப்படியானால் நான் எழுதினது எங்கே போய் விழும்? நாடகத்தின்மேல் விழ வழியில்லை, அது முடிந்துவிட்டது. தேதியின்மேல்தான் விழும். ‘அந்தம்மா வேண்டாம்’ என்று ஏஜெண்டிடம் ஒரு கமிட்டி சொன்னால் ஒரு வேளைச் சோறு போகிறது. லண்டன் விமர்சகரின் பேனா ஒரு முதலாளியின் பணத்தைத் தொடுகிறது, என் பேனா ஒரு பெண்ணின் அடுப்பைத் தொடுகிறது. இதை நீங்கள் சொல்லித்தான் முழுசாக உணர்ந்தேன். அதனால் எழுதாமல் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அளந்து எழுதவேண்டும், அவ்வளவுதான்.

கூட்டம் உட்கார்ந்திருப்பதே தீர்ப்பு என்கிறீர்கள். எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. கருவாட்டுக் கூடை தூக்கிப் பிழைத்தவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் நாடகம் என்றாலும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு நடப்பார். ஒருமுறை, எனக்குப் பத்து வயசு இருக்கும், பெரிய பேர் வாங்கிய ஒரு ராஜபார்ட் வேடன் வேஷத்தில் வந்தார். ‘காயாத கானகத்தே’ என்று எடுத்ததுமே கூட்டம் விசிலடித்தது. மாலையில் ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் காலையில் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அந்தக் குரலைப் பற்றியே பேசினார்கள். அப்பத்தா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் பாடுறாக. ஆனா அந்தப் புள்ள பேசுறதக் காதுல வாங்கலயே. அவ மான் வரலைன்னு சொல்றதுக்கு முந்தியே இவுக அடுத்த பாட்டுக்குத் தொண்டையச் செருமுறாக. அப்புறம் என்ன தர்க்கம்?”

வலை தைத்த கைகள் நின்றுவிட்டன. ஒருவர் இல்லை என்றார். இன்னொருவர், ஆமாம், மானைக் கேட்டு வந்தவன் பதிலைக் கேட்கவில்லை என்றால் அவன் வேடனே இல்லை என்றார். பெரியவர் ஒருவர் வள்ளி சொன்ன பதிலை விருத்தமாகவே திரும்பப் பாடிக் காட்டி, அந்த இடத்தில் முருகன் முகத்தில் என்ன வந்திருக்கவேண்டும் என்று நடித்தும் காட்டினார். வெயில் ஏறும்வரை அந்தச் சண்டை நடந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. முதல்நாள் ராத்திரி நான் சிலிர்த்தது பொய்யாகிவிடவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நான் பார்த்த ஒவ்வொரு வள்ளி திருமணத்திலும், வள்ளி பேசும்போது முருகன் என்ன செய்கிறான் என்று என் கண் தானாகப் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி எனக்குக் கொடுத்த கண் அது.

விமர்சனம் என்று நான் நம்புவது இதைத்தான், தம்பி. இது கூட்டத்துக்கு எதிரானதில்லை, கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. விசிலடித்த அதே கூட்டம்தான் மறுநாள் வலை தைத்துக்கொண்டே விவாதம் செய்தது. உங்கள் ஊரில் இப்போது நடப்பது ராஜபார்ட் பெரியவரா நாரதர் பெரியவரா என்கிற சண்டை. எந்த அடியில் யார் யாரை மடக்கினார்கள் என்று அதில் ஒருவராவது சொல்கிறார்களா? அப்படி ஒரு ஆள் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். முன்வரிசையில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தர்க்கம் முழுவதையும் உதட்டை அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி அனுப்பினால் என் கட்டுரையைவிட நன்றாக இருக்கும், சந்தோஷமாக வெளியிடுவேன்.

இன்னொன்று. ஆடுவதையும் பாடுவதையும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது வெள்ளைக்காரன் பத்திரிகையோடு வந்த பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி ஆடுவதற்கு முன்னால் ஆடலாசிரியனுக்கு என்ன தகுதி வேண்டும், இசையாசிரியனுக்கு என்ன, தண்ணுமை அடிப்பவனுக்கு என்ன, குழலோனுக்கு என்ன, யாழாசிரியனுக்கு என்ன என்று இளங்கோ ஒவ்வொருவராக நிறுத்திச் சொல்கிறார். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். பிறகு ஒரு வரி வருகிறது: ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’. தூணின் நிழல் ஆடுகிறவள்மேல் விழாமல் வெளியே விழும்படி விளக்கை வைத்தார்களாம். இதை எழுதியவர் எத்தனை மேடைக்கு முன்னால் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கவேண்டும்! நிழல் விழுந்த முகத்தைப் பார்த்து மனசு நோகாதவருக்கு இந்த வரி வராது.

உங்கள் மேடையில் நிழல் விழுந்தது. அதையும் கட்டுரையில் எழுதியிருந்தேன், அதைப் பற்றி ஊரில் ஒருவர்கூடச் சண்டை போடவில்லை என்று தெரிகிறது. இடதுபக்கச் சவுக்குக் கம்பில் டியூப்லைட்டை உயர்த்திக் கட்டி, மைக் செட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே ஹாரனைத் தொங்கவிட்டிருந்தார். வள்ளி பெஞ்சில் ஏறி நின்றதும் ஹாரனின் நிழல் அவர் நெற்றியிலிருந்து மூக்குவரை விழுந்தது. முகத்தில் பாதி இருட்டு. நாரதர் நின்ற பக்கம் பளிச்சென்று இருந்தது. இதனால்தான் அன்றைக்கு வள்ளி சோர்ந்து தெரிந்தாரோ என்று இப்போது யோசிக்கிறேன். தூங்காமல் வந்தவர் முகத்தில் நாமும் சேர்ந்து இருட்டைப் பூசியிருக்கிறோம். ஹாரனை இரண்டு முழம் தள்ளிக் கட்டினால் சரியாகிவிடும். கச்சான் காற்றில் அது ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு வேண்டும். இப்படி ஒன்றைச் சொல்லத்தான் ஒரு ஆள் விடிய விடியக் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

சினிமாப் பாட்டு விஷயம். அதை உங்கள் அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிட்டீர்கள், நான் அப்படி விட்டுவிடத் தயாரில்லை. மெட்டைக் கடன் வாங்குவது தப்பென்று நான் சொல்லவேயில்லை. அந்தக் காலத்து நாடக மேடைக்குப் பார்சி நாடகக் கம்பெனிக்காரர் மெட்டெல்லாம் வந்து சேர்ந்து, நம் வாயில் நம் பாட்டாகவே ஆகிவிட்டது. வள்ளி திருமணத்துக்குள் ஊர்க்கதையை நுழைப்பதும் தப்பில்லை. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு, ‘கொக்கு பறக்குதடி’ என்று வெள்ளைக்காரனையே கொக்காக்கிப் பாடினார், அதற்காக மேடையிலும் மேடைக்கு வெளியிலும் போலீஸ் அவரைத் துரத்தியது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிரை விட்டார். தினைப்புனத்தில் குருவி விரட்டும் கதைக்குள் அந்தக் கொக்கு எவ்வளவு பாந்தமாக வந்து உட்கார்ந்தது! உங்கள் ஊரில்கூடப் பபூன் ஒரு சினிமா மெட்டில், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில், புருஷன் வீட்டில், சோறு எங்கே என்று ஒரு பெண்சாதி கேட்பதுபோல் கட்டிப் பாடினாரே. ஏப்ரல் 15-லிருந்து அதையே அனுபவித்துக்கொண்டிருக்கும் பெண்கள் என்னைச் சுற்றி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தைப் பாராட்டித்தானே எழுதினேன்.

நாரதர் செய்தது வேறு. வள்ளி ஒரு கேள்வி கேட்டார். காவல் இருக்கிற பெண்ணிடம் துறவிக்கு என்ன பேச்சு என்று, ரொம்பக் கூர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நாரதர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள், நானும் அந்தக் குரலைக் கேட்டு ஒரு நிமிஷம் சொக்கித்தான் போனேன். ஆனால் வள்ளியின் கேள்வி அப்படியே மேடையில் கிடந்தது. பாட்டு முடிந்ததும் வள்ளி அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு பாட்டு. மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. அந்த ராத்திரியில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். தூக்கமில்லாமல், பாதி முகம் இருட்டில், பாட்டையும் குறைத்துக்கொண்டு நின்ற ஒருவர், சுவாமிகள் கட்டிய தர்க்கத்தை இரண்டு தரம் நடத்திக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார். கட்டுரையில் இதை நான் இப்படி எழுதவில்லை. ‘சினிமாப் பாட்டு அதிகம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்தம்மா செய்த காரியத்தை எழுதாமல் விட்டதும் என் பிழைதான். இப்போது எழுதிவிட்டேன்.

நம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர்வரை எத்தனை ஊரில் நாடகம் நடக்கிறது! பொங்கலுக்கு, அம்மன் திருவிழாவுக்கு, மாதா கோயில் விழாவுக்கு. ஆயிரம் பேர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். சென்னை சபாக்களில் இரண்டு மணி நேரம் நடக்கும் நாடகத்துக்குப் பத்திரிகையில் அரைப்பக்கம் வருகிறது. 1930-களிலேயே கல்கி ‘கர்நாடகம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆனந்த விகடனில் கச்சேரியையும் நாடகத்தையும் நிறுத்துப் பார்த்து எழுதினார், வித்துவான்கள் அதற்காகக் காத்திருந்து படித்தார்கள். எட்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடுகிற நம் ஸ்திரீபார்ட்டைப் பற்றி யார் எழுதினார்கள்? நோட்டீஸில் படம் வரும், மறுநாள் அந்த நோட்டீஸில் வடை மடித்துக் கொடுப்பார்கள். குறை சொல்லாமல் விடுவது மரியாதை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இந்தக் கலையைக் குறை சொல்லும் அளவுக்குக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கடைசியாக, அந்தம்மாவின் உடம்பையும் வயசையும் குடும்பத்தையும் பேசினவர்களைப் பற்றி. அதற்கும் விமர்சனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மேடையேறும் பெண்ணை இப்படிப் பேசுவது நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிற கேடு. என் கட்டுரையைச் சாக்கு வைத்து அது நடந்தது என்பது எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. நீங்கள் கமிட்டியில் இருக்கிறீர்கள். அந்தச் சீட்டை எழுதியது நீங்கள்தான் என்று எனக்குச் சொன்னதை ஊரிலும் சொல்லுங்கள். கூட்டத்தில், எல்லார் முன்னாலும். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் ஒரே நாளில் அடங்கிவிடும். பேசினவர்களும் உங்கள் அண்ணன் தம்பிகள்தானே.

அடுத்த வைகாசிக்கு அதே அம்மாவுக்குத் தேதி கொடுங்கள். முந்தின ராத்திரி அவருக்கு வேறு நாடகம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள். ஊர்வலத்தை ஒன்பது மணிக்கெல்லாம் கோயிலில் சேர்த்துவிடுங்கள், ஹாரனைத் தள்ளிக் கட்டுங்கள். நான் அதே இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். வள்ளி பெஞ்சில் ஏறி ஆலோலத்தை எடுத்துவிட்டால், பாடி முடிக்கிறவரைக்கும் மேடைக்கு ஒரு சீட்டும் போகக் கூடாது. அன்பளிப்பாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா